பூட்ஸைக் கழற்றிவிட்டு வரவும்

சௌதாவுக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்கு சிவக்கும். பிறகு காது. காதும் சிவந்துவிட்டதென்றால் அவள் பக்கத்தில் யாரும் நிற்கக் கூடாது. தம்பி மூசாவுக்கு நான்கு வயதுதான். அவனுக்கே இது தெரியும். "லாத்தா" என்று அக்காவைக் கூப்பிட வாயைத் திறப்பதற்கு முன்னால் அவளுடைய காதை ஒரு பார்வை பார்த்துக்கொள்வான்.

அவள் கோபப்பட்டதில் தப்பே இல்லை. சொந்த ஊரான நாகூரை விட்டுக் கப்பல் ஏறும்போது மூன்றே மூன்று மாதம் என்று சொல்லித்தான் அவளைக் கூட்டிவந்தார்கள். அவளுடைய வாப்பா கௌஸ், கோலாலம்பூரில் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்றார் உம்மா மரியம். வந்த இடத்தில், பிள்ளை பிறக்கட்டும், பிறகு போகலாம் என்றார்கள். பிள்ளை பிறந்தது. கூடவே சண்டையும் வந்தது. ஏழு வயதில் வந்தவளுக்கு இப்போது பதினொன்று. மூன்று மாதமாம், மூன்று மாதம்!

சண்டையோடு ஜப்பான் பட்டாளம் வந்தது. அரிசி மறைந்தது. வாப்பாவின் கடை மூடியது. அவருடைய சைக்கிளை நடுரோட்டில் நிறுத்தி வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மூன்று சிப்பாய்கள் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார்கள். கதவைத் தட்டவில்லை. பூட்ஸைக் கழற்றவில்லை. உம்மா விரித்து வைத்திருந்த தொழுகைப் பாயின் மேல் சேற்றுக் காலோடு நடந்துபோய், கொல்லையில் இருந்த கோழிகளைப் பிடித்துக்கொண்டு, அதே பாயின் மேல் நடந்து வெளியே போனார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் கன்னத்தில் அறை விழும். சௌதாவும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கு விழுங்கிய கோபம் அவளுக்கு ஜீரணமாகவே இல்லை.

வீட்டுக்கு எதிரே ரயில் பாதையை ஒட்டி ஒரு பெரிய திடல் இருந்தது. அரிசி கிடைக்காத அந்த நாளில் ஊரே அந்தத் திடலைக் கொத்தி மரவள்ளிக் குச்சி நட்டது. சௌதாவும் ஒரு மூலையைப் பிடித்தாள். கல் பொறுக்கி, மண்ணை மேடு கட்டி, தெருமுனைக் குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து, தன் கையாலேயே ஒரு பாத்தி போட்டாள்.

பிறகு ஜப்பான்காரன் தோற்றுப்போனான். வெள்ளைக்காரப் பட்டாளம் திரும்பி வந்தது. ஊரில் எல்லாரும் அவரவர் மரவள்ளியைப் பிடுங்கித் தின்று தீர்த்துவிட்டு, இனி இந்தக் கிழங்கைக் கண்ணால்கூடப் பார்க்க மாட்டோம் என்று கையைக் கழுவினார்கள். மூசா மட்டும்தான் அதை இன்னும் ஆசையாகத் தின்பான். பாவம், அவன் சோற்றை அதிகம் பார்த்ததில்லை.

ஆனால் பட்டாளம் வந்ததும் அரிசியும் வந்துவிட்டதா என்றால், இல்லை. கொஞ்சமாகக் கொடுத்தார்கள். வாரம் முடிவதற்குள் பானை காலியானது. வாப்பா தினமும் காலை ரயிலில் கிள்ளானுக்குப் போய், துறைமுகத்தில் அரிசிக் கப்பல் வந்ததா, நாகப்பட்டினம் போகும் கப்பல் வந்ததா என்று விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வருவார். இரண்டும் வரவில்லை. சௌதா பிந்தி நட்டவள் என்பதால் அவள் பாத்தியில் கிழங்கு இன்னும் கட்டைவிரல் தடிமன்தான் இருந்தது. இன்னும் இரண்டு மாதம் மண்ணுக்குள் இருந்தால் கை தடிமன் ஆகும். அதை நம்பித்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும்.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு காலையில் திடலுக்கு லோரி வந்தது.

சௌதா தண்ணீர் வாளியோடு போனபோது, பட்டாளத்துக்காரர்கள் மண்வெட்டியும் கையுமாகத் திடல் முழுவதையும் சமப்படுத்திக்கொண்டு வந்தார்கள். அவள் பாத்திக்கும் அவர்களுக்கும் நடுவே நாலு முழம்கூட இல்லை. அவர்களுக்கு நடுவில் நின்று கையை நீட்டி வழிகாட்டிக்கொண்டிருந்தவர் யார் தெரியுமா? அடுத்த வீட்டு வேலாயுதம் அண்ணன்! ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. நேற்றுக்கூட உம்மாவிடம் தீப்பெட்டி வாங்கிக்கொண்டு போனவர்.

"அண்ணே, யாரைக் கேட்டு இதைப் பிடுங்கறீங்க?" என்றாள் சௌதா.

"இது என்ன உங்க வீட்டு நிலமா? சண்டைக்கு முன்னாடி நாங்க ரக்பி விளையாடுன திடல் இது. சனிக்கிழமை பட்டாளத்தோட மேட்ச் இருக்கு. நீ கப்பல் வந்தா ஏறிப் போற புள்ள. உனக்கு எதுக்கு இந்த ஊர் மண்ணு?"

சௌதாவின் காது சிவந்தது. வாளியை அப்படியே கீழே வைத்தாள். நேராகப் பாத்திக்குள் போனாள். நடு மேட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

சிப்பாய்கள் சிரித்தார்கள். ஒருவர் போய்க் காப்டனைக் கூட்டிவந்தார். நல்ல உயரமான ஆள். செம்பட்டை மீசை. அவரோடு சபாபதி என்று ஒரு லோரி டிரைவர் வந்தார். வேலூர்க்காரர், இந்தியப் பட்டாளத்தோடு வந்தவர், இரண்டு பாஷையும் தெரிந்தவர். இந்தப் பெண்ணுக்கு என்ன வேண்டுமாம் என்று காப்டன் சிரித்துக்கொண்டே அவர் மூலமாகக் கேட்டார்.

சௌதா எழுந்து நின்றாள். நாலு வருஷமாக விழுங்கி வைத்திருந்தது எல்லாம் ஒன்றாக வெளியே வந்தது.

"இந்த அண்ணனும் கேக்கல, நீங்களும் கேக்கல. சைக்கிளை எடுத்தவன் கேக்கல, கோழியைப் புடிச்சவன் கேக்கல. எங்க உம்மாவோட தொழுகைப் பாய்ல பூட்ஸோட நடந்தாங்க. இப்ப நீங்களும் பூட்ஸோட வந்து நிக்கறீங்க. இது நான் நட்டது. என்னைக் கேட்டுட்டுத் தொடுங்க!"

சபாபதி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் இரண்டே வார்த்தை சொன்னார். இவ்வளவு நேரம் இவ்வளவு சத்தமாகப் பேசியதற்கு அர்த்தம் இரண்டு வார்த்தைதானா என்று காப்டனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. முழுவதையும் சொல்லச் சொன்னார். சபாபதியும் வேறு வழியில்லாமல், கோழி, சைக்கிள், பாய் எதையும் விடாமல் சொன்னார்.

காப்டன் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். குனிந்து தன் பூட்ஸைப் பார்த்தார். அதில் ஒன்று பாத்தியின் ஓரத்து மேட்டை மிதித்துக்கொண்டிருந்தது. மெதுவாகக் காலைப் பின்னால் எடுத்துக்கொண்டார்.

ஆனால் அதோடு விஷயம் முடியவில்லை. திடலின் ஒரு பக்கம் ரயில்வே வேலி, மறு பக்கம் பெரிய வாய்க்கால். எந்தப் பக்கமும் நகர முடியாது. அளந்து பார்த்தபோது சௌதாவின் பாத்தி ஆட்டத்துக்கு உள்ளேயே வந்தது. கோல் கோடு போடும் இடத்தில் அது ஆரம்பித்து, கோட்டுக்குப் பின்னால் மூலையை முழுக்க அடைத்துக்கொண்டிருந்தது. பிடுங்கினால்தான் ஆச்சு என்றார் வேலாயுதம்.

சௌதா மூக்கைத் தேய்த்துக்கொண்டு யோசித்தாள். கோபம் வேறு, புத்தி வேறு. அவளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேலை செய்யும்.

பாத்தியைச் சுற்றி ஒரு கயிறு கட்டிவிடலாம் என்றாள். அவர்கள் வெளியே விளையாடட்டும். பந்து உள்ளே வந்துவிட்டால் வந்து எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் இரண்டு விஷயம். அவளைக் கேட்டுவிட்டுத்தான் கயிற்றைத் தாண்ட வேண்டும். பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும். வெறுங்காலுக்கு மேடு எது, பள்ளம் எது என்று தெரியும். பூட்ஸுக்குத் தெரியாது, கிழங்கை நசுக்கிவிடும்.

இது இரண்டு கட்சிக்கும்தானா என்று காப்டன் கேட்கச் சொன்னார்.

"யாரா இருந்தாலும்" என்றாள் சௌதா.

காப்டன் தொப்பியைக் கழற்றி, சரி என்று வாக்குக் கொடுத்தார். ரக்பியில் இப்படி ஒரு சட்டம் எந்த ஊரிலும் கிடையாது என்று வேலாயுதம் முணுமுணுத்தார். இந்தத் திடலில் உண்டு என்று சொல்லிவிட்டுக் காப்டன் கயிறு எடுத்து வரப் போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்கச் சௌதா வேலாயுதம் அண்ணனின் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தினமும் சாயங்காலம் தெருவில் ஒரு துணி மூட்டையை இடுக்கிக்கொண்டு ஓடிப் பழகினார். கொஞ்ச தூரம் ஓடினால் இருமல் வந்துவிடும். எலும்பும் தோலுமாக இருக்கிற மனுஷனுக்கு இந்த வேலை தேவையா என்று சௌதா ஜன்னல் வழியே பார்த்துப் பொருமினாள்.

உம்மா மட்டும் ஒரு தடவை வாயைத் திறந்தார். "அவரோட சேர்ந்து விளையாடுனவங்க பாதிப் பேர் ஜப்பான்காரன் புடிச்சு சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்புனவங்க, புள்ள. திரும்பவே இல்ல. அதான் மனுஷன் இப்புடிக் கெடந்து துடிக்கிறாரு."

"அதுக்கு என் செடிதான் கெடச்சிச்சா?" என்றாள் சௌதா.

சனிக்கிழமை வந்தது. முந்தின நாள் பெய்த மழையில் திடல் சேறாகிக் கிடந்தது. ஆனாலும் பிரிக்ஃபீல்ட்ஸே திரண்டு வந்துவிட்டது. வேலி ஓரமெல்லாம் தலை. சௌதா ஆட்டம் பார்க்க வரவில்லை. காவலுக்கு வந்தாள். ஒரு கையில் வாப்பாவின் குடை, ஒரு கையில் குச்சி. பக்கத்தில் உம்மாவும் மூசாவும். காப்டன் சொல்லி அனுப்பியதால் சபாபதியும் கயிற்றோரம் வந்து நின்றுகொண்டார்.

பட்டாளத்து ஆட்கள் எல்லாரும் வெள்ளைச் சட்டை, கனமான பூட்ஸ். ஒவ்வொருவரும் சாப்பிட்டு வளர்ந்த உடம்பு. ஊர்க் கட்சியைப் பார்த்தால் கண்ணில் தண்ணீர் வரும். மலாய்ப் போலீஸ்காரர்கள் சிலர், ஒரு சீன வாத்தியார், ரயில்வே குமாஸ்தாக்கள், எல்லாருமே மரவள்ளி தின்று மெலிந்தவர்கள். பெட்டியில் கிடந்த பழைய சட்டையை ஆளுக்கொரு நிறத்தில் போட்டிருந்தார்கள். பூட்ஸ் ஒருவருக்கும் இல்லை. பசி நாளில் அதையெல்லாம் விற்று அரிசி வாங்கியாகிவிட்டது. வெறுங்காலோடு நின்றார்கள்.

பந்தைப் பார்த்ததும் மூசா, "லாத்தா, பப்பாளி!" என்று கையை நீட்டினான். பார்க்க அப்படித்தான் இருந்தது. இரண்டு பக்கமும் கூம்பிய பந்து. கீழே விழுந்தால் எந்தப் பக்கம் குதிக்கும் என்று அதற்கே தெரியாது.

நடுவராக வந்த பட்டாளத்து டாக்டர் விசில் ஊதினார்.

ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்திலேயே சௌதாவுக்கு மூக்கு சிவந்துவிட்டது. இது என்ன விளையாட்டு? பந்தை வைத்திருக்கிறவனை இடுப்பைப் பிடித்துக் கீழே தள்ளுகிறார்கள். தலையோடு தலை சேர்த்து மாடு மாதிரி முட்டித் தள்ளுகிறார்கள். பந்தை வைத்திருப்பவரைப் பிடித்து இழுக்கலாம், அதுதான் சட்டம் என்றார் சபாபதி. முன்னால் ஓடலாம், ஆனால் பந்தைப் பின்னால்தான் எறிய வேண்டும் என்றும் சொன்னார்.

"முன்னாடி ஓடுறவன் பின்னாடி எறியணுமா? எந்தப் பைத்தியம் போட்ட சட்டம் அது?"

தன்னைத் திட்டி என்ன புண்ணியம், தான் வெறும் லோரி ஓட்டுகிறவன்தானே என்றார் சபாபதி.

அப்போதுதான் அது நடந்தது. பந்து வேலாயுதம் அண்ணனின் கைக்கு வந்தது. அவர் நாலு எட்டு வைப்பதற்குள் ஒரு வெள்ளைச் சட்டை அவர்மேல் விழுந்தது. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் இன்னும் மூன்று. வேலாயுதத்தின் ஒரு கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. வேலியோரம் நின்ற கூட்டம் அதைப் பார்த்துக் கைதட்டியது!

சௌதாவுக்கு நம்ப முடியவில்லை. தெருவில் இரண்டு பேர் கட்டிப் புரண்டால் நாலு பேர் ஓடிப்போய் விலக்கிவிட வேண்டாமா? நாகூரில் விலக்குவார்கள். சண்டைக்கு முன்னால் இந்தத் தெருவிலும் விலக்கினார்கள். ஜப்பான் பட்டாளம் வந்த பிறகுதான், யார் அடி வாங்கினாலும் எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டு போகப் பழகிவிட்டார்கள். இப்போது என்னடா என்றால் கையே தட்டுகிறார்கள். வேலாயுதம் அண்ணன்மேல் கோபப்பட அவளுக்கு உரிமை உண்டு. அவரைப் போட்டு மிதிக்க இவர்களுக்கு என்ன உரிமை?

உம்மா பிடிப்பதற்குள் அவள் திடலுக்குள் பாய்ந்துவிட்டாள். குடையை மடக்கி, குவியலின் உச்சியில் கிடந்த சிப்பாயின் முதுகில் ஒரு குத்து விட்டாள். "எழுந்திரிங்க! ஒத்த ஆளை இத்தனை பேரா சேர்ந்து மிதிப்பீங்க?"

சிப்பாய் அலறிக்கொண்டு உருண்டார். குவியல் ஒவ்வொன்றாகக் கலைந்தது. கடைசியில் அடியிலிருந்து சேறு பூசிய ஒரு முகம் எட்டிப் பார்த்தது. பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது. வேலாயுதம் சிரித்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு ஒண்ணும் இல்ல, சௌதா. விளையாட்டு லா இது. நீ போ."

எல்லாரும் சிரித்தார்கள். சௌதாவுக்குக் கழுத்து வரைக்கும் சிவந்துபோயிற்று. காப்பாற்ற வந்தவளைப் பார்த்துச் சிரிப்பா? இனிமேல் இந்த மனுஷன் மண்ணுக்குள்ளே புதைந்தாலும் திரும்பிப் பார்க்க மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டு நடந்தாள்.

அவள் பாதி வழி வருவதற்குள் ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டது. யாரோ உதைத்த பந்து தலைக்கு மேலே பறந்து நேராக மரவள்ளிப் பாத்திக்குள் விழுந்தது. அதைத் துரத்திக்கொண்டு வந்த காப்டன் விளையாட்டு வேகத்தில் எல்லாவற்றையும் மறந்துவிட்டார். கயிற்றைத் தாண்டி ஒரு பூட்ஸை உள்ளே வைத்தார்.

"நில்லுங்க!"

அந்தக் குரல் ரயில் நிலையம் வரை கேட்டிருக்கும். காப்டன் அப்படியே நின்றார். சௌதா மூச்சு வாங்க ஓடிவந்து, காலைக் காட்டினாள், கயிற்றைக் காட்டினாள், பிறகு தன் காதைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தாள். கேட்கவில்லையே என்று அதற்கு அர்த்தம். சபாபதி மொழிபெயர்க்க வேண்டிய அவசியமே இல்லை.

காப்டன் திரும்பி வெளியே வந்தார். உள்ளே வரலாமா என்று கேட்டார். பிறகு அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து, இரண்டு பூட்ஸையும் கழற்றி வைத்துவிட்டு, வெள்ளைக் காலோடு மெல்ல மெல்ல மேட்டைத் தாண்டிப் போய்ப் பந்தை எடுத்துவந்தார். வேலியோரம் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சௌதா சிரிக்கவில்லை. காவலுக்கு வந்தவள் சிரிக்க முடியுமா?

இடைவேளைக்குப் பிறகு அவளுடைய கோபம் கொஞ்சம் இடம் மாறியது. எப்போது மாறியது என்று அவளுக்கே தெரியாது. ஊர்க் கட்சி வெறுங்காலோடு வழுக்கி வழுக்கி ஓடியது. விழுந்தது, எழுந்தது. சீன வாத்தியார் பந்தை நழுவவிட்டபோது, "ரெண்டு கையால புடிங்க சார்!" என்று ஒரு குரல் கத்தியது. உம்மா திரும்பிப் பார்த்தார். கத்தியது சௌதாதான். பட்டாளத்துக்காரர்கள் இரண்டு புள்ளி கூடுதலாக எடுத்திருக்கிறார்கள் என்று சபாபதி சொன்னபோது, ஏதோ அவர்தான் திருடிக் கொடுத்ததுபோல் அவரை முறைத்தாள். கோட்டுக்கு அந்தப் பக்கம் பந்தைக் கொண்டுபோய் மண்ணில் அழுத்தினால் மூன்று புள்ளி என்றும் அவர் சொன்னார். ஆனால் நேரம் ஆகிவிட்டது. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

அந்தக் கடைசி நேரத்தில் பந்து பின்னால் பின்னால் கை மாறி, ஓரத்தில் நின்ற வேலாயுதத்திடம் வந்தது.

அவர் ஓடினார். வேலியை ஒட்டி, இருமலை அடக்கிக்கொண்டு, சௌதாவின் மூலையைப் பார்த்து ஓடினார். நடுவிலிருந்து காப்டன் குறுக்கே பாய்ந்து வந்தார். வேலிக்கும் காப்டனுக்கும் நடுவில் மிச்சம் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அது மரவள்ளிப் பாத்தி.

சௌதா குச்சியை இறுக்கிப் பிடித்தாள். உள்ளே விழுந்தால் செடி ஒடியும். பிஞ்சுக் கிழங்கு போகும். இரண்டு மாதச் சாப்பாடு. யாரைக் கேட்டு என்று சண்டை பிடித்தாளே, அதே ஆள்தான் இப்போது அதே பாத்தியை நோக்கி வருகிறார். அவர் தாண்டிவிடுவார். தாண்டட்டும், அப்புறம் இருக்கிறது அவருக்கு.

"சௌதா!" ஓடிக்கொண்டே வேலாயுதம் கத்தினார். மூச்சு வரவில்லை. "உள்ள வரட்டுமா?"

கேட்டார்!

தோற்றாலும் தோற்கட்டும் என்று, இவ்வளவு அவசரத்திலும் அவர் அவளைக் கேட்டார். சௌதா அவருடைய காலைப் பார்த்தாள். வெறுங்கால்.

"வாங்கண்ணே!" என்று கயிற்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

வேலாயுதம் குனிந்து நுழைந்தார். அடுத்த நிமிஷமே காப்டன் வந்து சேர்ந்தார். கயிற்றைப் பார்த்ததும் கால் தானாக நின்றது. அவர் ஆங்கிலத்தில் என்ன கேட்டார் என்று சௌதாவுக்கு நன்றாகவே புரிந்தது.

"வரலாம்" என்றாள் சௌதா. குச்சியை நீட்டி அவருடைய பூட்ஸைக் காட்டினாள்.

காப்டன் தொப்பென்று சேற்றில் உட்கார்ந்து நாடாவை அவிழ்க்க ஆரம்பித்தார்.

அதோடு முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. உள்ளே போன வேலாயுதம் மேடு தடுக்கிக் குப்புற விழுந்தார். பந்து கையிலிருந்து வழுக்கி அவருக்குப் பின்னால் உருண்டு இலைகளுக்குள் மறைந்துவிட்டது. அவர் முழங்காலில் நின்று இலையை விலக்கி விலக்கித் தேடினார். காப்டனின் ஒரு பூட்ஸ் கழன்றுவிட்டது. அடுத்ததில் ஈர நாடா முடிச்சு விழுந்துகொண்டது. ஊரே கத்தியது.

பந்து எங்கே இருக்கிறது என்று சௌதாவுக்குத் தெரியும். மூன்றாவது மேட்டுக்குப் பக்கத்தில். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் யாராக இருந்தாலும் ஒரே சட்டம் என்று சொன்னவள் அவள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். மூசாவின் வாயைப் பொத்த உம்மா இருந்தார்.

காப்டன் முடிச்சைப் பல்லால் கடித்தார். அதே நேரத்தில் வேலாயுதத்தின் கை பந்தில் பட்டது. அப்படியே அதன்மேல் விழுந்து மண்ணோடு அழுத்தினார்.

டாக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு விழித்தார். இது செல்லாது, இப்படி ஒரு சட்டமே இல்லை என்று சிப்பாய்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். காப்டன் ஒற்றைப் பூட்ஸோடு எழுந்து நின்றார். தான் கொடுத்த வாக்கு என்றும், தன் கால் தாமதித்ததற்கு அந்தப் பெண் என்ன செய்வாள் என்றும் சொன்னார். டாக்டர் கையைத் தூக்கி விசிலை ஊதினார். மூன்று புள்ளி. ஊர்க் கட்சி ஒரு புள்ளியில் ஜெயித்துவிட்டது.

கூட்டம் ஹோவென்று திடலுக்குள் ஓடிவந்தது. வந்த வேகத்தில் கயிற்றருகே சட்டென்று நின்றுவிட்டது. ஏனென்றால் அங்கே சௌதா இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள். காது நல்ல சிவப்பு.

"மூணு செடி ஒடிஞ்சிருச்சு" என்றாள்.

வேலாயுதம் உடம்பெல்லாம் மண்ணும் இலையுமாக எழுந்தார். "கேட்டுட்டுத்தானே வந்தேன்?"

"கேட்டீங்க. அதனாலதான் விட்டேன்."

அவர் ஒடிந்த தண்டு ஒன்றைக் கையில் எடுத்தார். "அன்னிக்கும் கேட்டிருக்கணும், சௌதா. தப்புத்தான்" என்றார்.

சௌதா வீட்டுக்கு ஓடிப்போய்க் கத்தி எடுத்துவந்தாள். மரவள்ளித் தண்டு ஒடிந்தால் என்ன, வெட்டி நட்டால் மறுபடி துளிர்க்கும். வேலாயுதம் வெட்டிக் கொடுத்தார். காப்டன் அந்த இன்னொரு பூட்ஸையும் ஒருவழியாகக் கழற்றி, வரலாமா என்று கேட்டு, உள்ளே வந்து ஒரு குச்சியை நட்டார். தலைகீழாக நட்டார். சௌதா தலையில் அடித்துக்கொண்டு அதைப் பிடுங்கித் திருப்பி நட்டாள்.

ஒடிந்த செடிகளின் அடியில் இருந்த பிஞ்சுக் கிழங்கை உம்மா அன்றைக்கே அவித்தார். மூசா இரண்டு கையிலும் வைத்துத் தின்றான்.

சாயங்காலம் வாப்பா கிள்ளானிலிருந்து களைத்துப்போய் வந்தார். இன்றைக்கும் கப்பல் இல்லை. செருப்பைக் கழற்றுவதற்குள் சௌதா ஓடிவந்து, "வாப்பா, நம்ம ஊரு ஜெயிச்சிருச்சு!" என்றாள்.

"எந்த ஊரு? நாகூரா?"

"இந்த ஊரு" என்று சொல்லிவிட்டு, ஏனோ வெட்கம் வந்து அவள் வெளியே போய்விட்டாள்.

திடலில் இப்போது யாரும் இல்லை. மிதிபட்டுத் தொங்கிய கயிற்றை அவள் மறுபடி இழுத்துக் கட்டினாள். நாலு பக்கமும் கட்டவில்லை. திடலைப் பார்த்த பக்கத்தில், ஓர் ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டாள். அந்த வழிக்கு வெளியே, பூட்ஸ் வைக்க ஒரு பலகையும் போட்டாள்.